கடுமையான உள்ளடக்கப் பாதுகாப்புக் கொள்கையின் கீழ் வெளி ஸ்கிரிப்டுகளை ஏற்றுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஓர் இணையதளத்தில் உள்ளடக்கப் பாதுகாப்புக் கொள்கையை, சுருக்கமாகச் சொன்னால் சிஎஸ்பியை, இயக்கிய மறுநிமிடமே பெரும்பாலும் நடப்பது இதுதான்: பார்வையாளர்களைக் கணக்கெடுக்கும் ஸ்கிரிப்ட் நின்றுவிடும், பணம் செலுத்தும் பொத்தானை அழுத்தினாலும் எதுவும் நடக்காது, உலாவியின் கன்சோலில் ஸ்கிரிப்டை ஏற்ற மறுத்ததாகச் சிவப்பு வரிகள் அடுக்கடுக்காக வந்து நிற்கும். அந்த வரியில் உள்ள டொமைனை எடுத்து அனுமதிப் பட்டியலில் சேர்த்தால் அது மறைந்துவிடும். உடனே இன்னொரு வரி, இன்னொரு டொமைன். இப்படியே சேர்த்துக்கொண்டு போனால் மாலைக்குள் கன்சோல் சுத்தமாகிவிடும், ஆனால் அதற்குள் கொள்கையும் பேருக்கு இருப்பதாக ஆகிவிடும். இந்த வழிகாட்டி வேறொரு முறையைப் படிப்படியாக விளக்குகிறது. ஸ்கிரிப்ட் எந்த டொமைனிலிருந்து வருகிறது என்று பார்ப்பதை விட்டுவிட்டு, அதை அழைக்கும் டேகை நம் சர்வர்தான் எழுதியதா என்று உலாவியைப் பார்க்க வைப்பதே அந்த முறை.

சர்வரின் அமைப்புகளிலும் பக்கங்களின் மூல நிரலிலும் கை வைக்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது என்ற அனுமானத்தில் எழுதுகிறேன். கிட்ஹப் பேஜஸ் போல ஹெடரை மாற்ற முடியாத இடங்களுக்கான மாற்றுவழியும் நடுவில் வருகிறது.

தொடங்கும் முன் தெரிந்திருக்க வேண்டியவை

சிஎஸ்பி என்பது சர்வர் ஒவ்வொரு பக்கத்துடனும் அனுப்பும் ஓர் எச்டிடிபி ஹெடர், அதாவது உலாவிக்கான குறிப்பு வரி. கன்டென்ட்-செக்யூரிட்டி-பாலிசி என்பது அதன் பெயர். மொசில்லாவில் தொடங்கிய இந்த யோசனை 2011இல் வந்த ஃபயர்ஃபாக்ஸ் 4இல் சோதனைப் பெயருடன் இடம்பெற்றது. அதன் இரண்டாம் நிலை 2016 டிசம்பரில், இணையத் தரங்களை வகுக்கும் அமைப்பான டபிள்யூ3சியின் பரிந்துரையானது. இன்று நாம் பயன்படுத்தும் பல வசதிகள் மூன்றாம் நிலையைச் சேர்ந்தவை.

ஹெடருக்குள் அரைப்புள்ளிகளால் பிரிக்கப்பட்ட விதிகள் இருக்கும். ஸ்கிரிப்ட்-எஸ்ஆர்சி என்ற விதி எந்த ஸ்கிரிப்டுகள் இயங்கலாம் என்று சொல்கிறது; கனெக்ட்-எஸ்ஆர்சி அந்த ஸ்கிரிப்டுகள் எந்த முகவரிகளுக்குத் தரவு அனுப்பலாம், எங்கிருந்து பெறலாம் என்று சொல்கிறது; ஃப்ரேம்-எஸ்ஆர்சி பக்கத்துக்குள் எந்தச் சட்டகங்கள் திறக்கலாம் என்பதற்கு, ஐஎம்ஜி-எஸ்ஆர்சி படங்களுக்கு. இவற்றில் ஏதேனும் எழுதப்படாவிட்டால் உலாவி டிஃபால்ட்-எஸ்ஆர்சியைப் பார்க்கும். ஆனால் பேஸ்-யுஆர்ஐ (ஒப்பீட்டு முகவரிகளின் அடிப்படையை மாற்றும் பேஸ் டேகுக்கு), ஃபார்ம்-ஆக்ஷன் (படிவங்கள் எங்கே அனுப்பப்படலாம் என்பதற்கு), ஃப்ரேம்-ஆன்செஸ்டர்ஸ் (நம் பக்கத்தை யார் சட்டகத்துக்குள் வைக்கலாம் என்பதற்கு) ஆகிய மூன்றும் டிஃபால்ட்-எஸ்ஆர்சிக்குக் கட்டுப்பட்டவை அல்ல. அவற்றை எழுதாமல் விட்டால் அவை முழுக்கத் திறந்தே கிடக்கும். டிஃபால்ட்டை இறுக்கிவிட்டோம், எல்லாம் மூடியாயிற்று என்று நினைப்பவர்கள் தவறவிடும் இடம் இது.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் மணிக்கணக்கில் மண்டையைப் பிய்த்துக்கொள்ள வைப்பது இதுதான். ஒரே பக்கத்துக்கு இரண்டு சிஎஸ்பி ஹெடர்கள் வந்தால், உலாவி அவற்றைச் சேர்த்துப் படிப்பதில்லை. இரண்டும் தனித்தனியே சம்மதித்தால்தான் ஸ்கிரிப்ட் இயங்கும். ஆகவே செயலி ஒரு கொள்கையையும், அதற்கு முன்னால் நிற்கும் என்ஜின்எக்ஸ் என்ற வலைச் சர்வர் மென்பொருள் அல்லது கோப்புகளைப் பல இடங்களிலிருந்து விரைவாக வழங்கும் சிடிஎன் இன்னொன்றையும் அனுப்பினால், ஒன்றில் எவ்வளவு தளர்த்தினாலும் மற்றது தடுத்துக்கொண்டே இருக்கும். கொள்கையை எழுதும் இடம் ஒன்றே ஒன்றாக இருக்கட்டும்.

டொமைன் பட்டியல் ஏன் காப்பாற்றுவதில்லை

கூகுள் பொறியாளர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, நடைமுறையில் இருந்த சிஎஸ்பி கொள்கைகளைப் பெருமளவில் திரட்டிச் சோதித்தது. ஸ்கிரிப்டுகளைக் கட்டுப்படுத்த முயன்ற கொள்கைகளில் 94.68 சதவீதம் பயனற்றவை என்பது அதன் முடிவு. ஸ்கிரிப்டுகளுக்காக அதிகம் அனுமதிக்கப்பட்டிருந்த 15 டொமைன்களில் 14இல், தாக்குபவர் நுழையப் பயன்படுத்தக்கூடிய வழிகள் இருந்தன.

அந்த வழிகள் எப்படிப்பட்டவை? முதலாவது, ஜேசான்பி எனப்படும் பழைய ஏபிஐ முறை. முகவரியில் கொடுக்கும் கால்பேக் பெயரை அப்படியே நிரலாகத் திருப்பி அனுப்பும் ஒரே ஒரு ஏபிஐ அனுமதித்த டொமைனில் எங்கேனும் இருந்தால் போதும். தாக்குபவர் தான் விரும்பும் நிரலை அந்த முகவரியின் வழியாகவே உங்கள் பக்கத்தில் இயக்கிவிடலாம். இரண்டாவது, பொதுச் சிடிஎன்கள். ஜேஎஸ்டெலிவர், அன்பேக்கேஜ் போன்றவை என்பிஎம் என்ற பொது ஜாவாஸ்கிரிப்ட் நூலகக் களஞ்சியத்தில் யார் எந்தப் பொதியைப் பதிவேற்றினாலும் அதை வழங்கும். ஒரு சின்ன நூலகத்துக்காக அந்த டொமைன் முழுவதையும் அனுமதிப்பது, தெரிந்தவர் ஒருவர் குடியிருக்கிறார் என்பதற்காக அந்தத் தெரு முழுவதற்கும் வீட்டுச் சாவியைக் கொடுப்பது போன்றது. டொமைனோடு கோப்பின் முழுப் பாதையையும் எழுதலாமே என்று கேட்கலாம். எழுதலாம், ஆனால் அனுமதிக்கப்பட்ட இன்னொரு முகவரியிலிருந்து திசைதிருப்பப்பட்டு வரும்போது உலாவி பாதையைப் பார்ப்பதில்லை, டொமைனை மட்டுமே பார்க்கிறது என்பது விதியிலேயே உள்ளது.

அதே நேரத்தில், சிஎஸ்பி எதற்கெல்லாம் மருந்தல்ல என்பதும் தெளிவாக இருக்க வேண்டும். 2018இல் பிரிட்டிஷ் ஏர்வேஸ் தளத்தில் நடந்த திருட்டில், தாக்கியவர்கள் அந்த நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் கிடந்த மாடர்னைசர் என்ற நூலகக் கோப்பின் இறுதியில் 22 வரிகளைச் சேர்த்தார்கள். பயணிகள் தட்டச்சு செய்த அட்டை விவரங்கள் நிறுவனத்தின் பெயரைப் போலவே தோன்றும் வேறொரு டொமைனுக்குப் போய்ச் சேர்ந்தன. கோப்பு சொந்தச் சர்வரிலிருந்தே வந்ததால் எந்த ஸ்கிரிப்ட்-எஸ்ஆர்சியும் அதைத் தடுத்திருக்காது. ஆனால் பணம் செலுத்தும் பக்கத்தின் கனெக்ட்-எஸ்ஆர்சி இறுக்கமாக இருந்திருந்தால், அந்த நிரல் தரவை வெளியே அனுப்பத் தேர்ந்தெடுத்த வழி அடைபட்டிருக்கும். பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகம் 2020 அக்டோபரில் அந்த நிறுவனத்துக்கு 2 கோடி பவுண்டு அபராதம் விதித்தது.

படி 1: எந்த வெளி ஸ்கிரிப்டுகள் வேண்டும் என்று முடிவு செய்யுங்கள்

உலாவியின் டெவலப்பர் கருவிகளில் நெட்வொர்க் பகுதியைத் திறந்து, ஸ்கிரிப்டுகளை மட்டும் வடிகட்டி, தளத்தின் ஒவ்வொரு வகைப் பக்கத்தையும் ஒரு முறை ஏற்றிப் பாருங்கள். வெளியிலிருந்து வரும் ஒவ்வொரு கோப்புக்கும் நேராக அதை யார் கேட்டார்கள், இன்னும் தேவையா, அது தன் பங்குக்கு வேறு எவற்றை இழுத்து வருகிறது என்று எழுதுங்கள். கோப்பை அழைத்தது யார் என்பதை இனிஷியேட்டர் என்ற பத்தி காட்டும். இந்த வேலையை முதல் முறை செய்பவர்கள், எப்போதோ நிறுத்திய விளம்பரப் பிரச்சாரத்தின் ஸ்கிரிப்ட் இன்னும் ஓடிக்கொண்டிருப்பதைக் கண்டுபிடிப்பது சாதாரணம். அட்டைப் பரிவர்த்தனைகளுக்கான பிசிஐ டிஎஸ்எஸ் தரத்தின் நான்காம் பதிப்பு, பணம் செலுத்தும் பக்கத்தில் இயங்கும் ஒவ்வொரு ஸ்கிரிப்டுக்கும் இப்படி ஒரு பட்டியலையும் காரணத்தையும் கேட்கிறது; 2025 மார்ச் 31 முதல் அது கட்டாயம்.

பிறகு பட்டியலைக் குறையுங்கள். பதிப்பு எண்ணோடு நிலையாக இருக்கும் நூலகங்களை, உதாரணமாக ஜேக்வெரியையோ ஏதேனும் வரைபட நூலகத்தையோ, இறக்கி உங்கள் சர்வரிலேயே வைத்துக்கொள்ளலாம். பொதுச் சிடிஎன்னிலிருந்து எடுத்தால் வேறு தளத்தில் ஏற்கெனவே சேமித்த கோப்பே பயன்பட்டு வேகம் கூடும் என்ற பழைய வாதம் இன்று செல்லாது. முக்கிய உலாவிகள் சேமிப்பைத் தளவாரியாகப் பிரித்துவிட்டன. பாலிஃபில் டாட் ஐஓ விவகாரம் இதற்கு நல்ல பாடம். பழைய உலாவிகளுக்காகப் பல தளங்கள் வருடக்கணக்கில் நம்பிப் பயன்படுத்திய அந்த டொமைன் 2024 பிப்ரவரியில் கைமாறியது. ஜூன் மாதம் அது பார்வையாளர்களைத் திசைதிருப்பும் தீய நிரலை வழங்குவது அம்பலமானபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்கள் அதை அழைத்துக்கொண்டிருந்தன. அந்தத் தளங்களில் யாரும் தங்கள் பக்கத்தில் ஓர் எழுத்தைக்கூட மாற்றியிருக்கவில்லை.

சொந்தச் சர்வருக்கு நகர்த்த முடியாதவை எஞ்சும்: கட்டணச் சேவைகள், ரீகேப்ட்சா, கூகுள் அனலிட்டிக்ஸ், மற்ற ஸ்கிரிப்டுகளைப் பக்கத்தில் சேர்க்க உதவும் டேக் மேனேஜர் போன்றவை. இவற்றின் கோப்புகளை அந்தந்த நிறுவனம் எப்போது வேண்டுமானாலும் மாற்றும். இனி வரும் படிகள் முக்கியமாக இவற்றுக்காகத்தான்.

படி 2: பக்கத்துக்குள் சிதறிக் கிடக்கும் நிரலை அகற்றுங்கள்

கடுமையான கொள்கையின் கீழ் ஆன்க்ளிக் போன்ற பண்புகளுக்குள் எழுதிய நிரல் இயங்காது; ஜாவாஸ்கிரிப்ட் என்று தொடங்கும் இணைப்புகளும் இயங்காது. அவற்றைத் தனிக் கோப்புக்கு மாற்றி, ஆட்-ஈவென்ட்-லிசனர் மூலம் இணையுங்கள். எழுத்துச் சரத்தை நிரலாக மாற்றி இயக்கும் எவால், நியூ ஃபங்ஷன், சரத்தைப் பெற்றுக்கொள்ளும் செட்-டைம்அவுட் ஆகியவையும் தடுக்கப்படும். உங்கள் நிரலில் இவை இல்லாவிட்டாலும் பழைய வார்ப்புரு நூலகங்களுக்குள் ஒளிந்திருக்கும். அவற்றுக்காக, இவற்றை அனுமதிக்கும் அன்சேஃப்-எவால் என்ற சொல்லைக் கொள்கையில் சேர்ப்பதைவிட நூலகத்தின் புதிய பதிப்புக்கு மாறுவதே நல்லது.

சர்வரிலிருந்து பக்கத்துக்குத் தரவு கொடுப்பதற்காக ஸ்கிரிப்ட் டேகுக்குள் ஒரு மாறியில் மதிப்புகளை எழுதும் வழக்கம் பரவலாக உண்டு. அதை மாற்றுவது எளிது: டேகின் டைப் பண்பை அப்ளிகேஷன்/ஜேசான் என்று வைத்து உள்ளே தரவை மட்டும் எழுதுங்கள். உலாவி அதை நிரலாகவே கருதாது. ஆகவே சிஎஸ்பி அதைத் தொடாது. உங்கள் ஸ்கிரிப்ட் அந்த டேகின் உள்ளடக்கத்தைப் படித்துக்கொள்ளும். தரவுக்குள் ஸ்கிரிப்டை மூடும் டேக் வந்துவிடாதபடி '<' குறியை அதன் மாற்றுக் குறியீட்டால் எழுத மட்டும் மறக்காதீர்கள்.

முழு வேலையிலும் அதிக நாள் பிடிப்பது இந்தப் படிதான். ஆனால் இதில் கஷ்டமான யோசனை எதுவும் இல்லை, பொறுமை மட்டுமே தேவை.

படி 3: ஒவ்வொரு பதிலுக்கும் புதிய நான்ஸ் உருவாக்குங்கள்

நான்ஸ் என்பது யாராலும் ஊகிக்க முடியாத ஒரு சரம். சர்வர் அதை ஒவ்வொரு முறை பக்கத்தை அனுப்பும்போதும் புதிதாக உருவாக்கி, ஹெடரில் ஒரு முறையும், தான் எழுதும் ஒவ்வொரு ஸ்கிரிப்ட் டேகின் நான்ஸ் பண்பில் ஒரு முறையும் வைக்கிறது. இரண்டும் பொருந்தினால் ஸ்கிரிப்ட் இயங்கும். கருத்துப் பெட்டியின் வழியாகவோ தேடல் சொல்லின் வழியாகவோ ஒருவர் பக்கத்துக்குள் ஒரு ஸ்கிரிப்ட் டேகைத் திணித்தாலும், அந்தப் பதிலுக்குரிய நான்ஸ் அவருக்குத் தெரியாததால் அது செத்த எழுத்தாகவே கிடக்கும்.

நான்ஸ் குறைந்தது 128 பிட் அளவுள்ளதாகவும், குறியாக்கவியல் தரத்திலான சீரற்ற எண்ணாக்கியிலிருந்து வந்ததாகவும் இருக்க வேண்டும். நோடில் கிரிப்டோ தொகுதியின் ரேண்டம்பைட்ஸ், பிஎச்பியில் ரேண்டம்_பைட்ஸ், பைத்தானில் சீக்ரெட்ஸ் தொகுதி ஆகியவை இதற்கென்றே உள்ளன. 16 பைட் எடுத்து பேஸ்64ஆக மாற்றினால் போதும். நேரத்தையோ பயனர் எண்ணையோ கலந்து நீங்களாக ஒன்றைச் சமைக்க வேண்டாம். எக்ஸ்பிரஸ் பயன்படுத்துவோருக்கு ஹெல்மெட் என்ற நூலகமும், ரெயில்ஸில் 5.2 பதிப்பு முதல் உள்ளமைந்த வசதியும் உண்டு. வேர்ட்பிரஸில் 5.7 முதல் ஸ்கிரிப்ட் டேகுகளின் பண்புகளை மாற்றும் ஃபில்டர்கள் உள்ளன. ஆனால் எல்லாச் செருகுநிரல்களும் அந்த வழியாக ஸ்கிரிப்ட் எழுதுவதில்லை என்பதால் அங்கே ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டியிருக்கும்.

இங்கே மூன்று இடங்களில் கால் வழுக்கும். முதலாவது சேமிப்பு. முழுப் பக்கத்தையும் சிடிஎன்னோ கேஷ் செருகுநிரலோ சேமித்து எல்லாருக்கும் வழங்கினால், எல்லாருக்கும் ஒரே நான்ஸ்தான் போகும். தாக்குபவரும் அதைப் படித்துக்கொள்வார். இரண்டாவது அதைவிடக் குழப்பமானது. உலாவி தன்னிடமுள்ள பக்கம் மாறியிருக்கிறதா என்று கேட்க, சர்வர் மாறவில்லை என்று 304 பதிலை அனுப்பும்போது அதனோடு புதிய நான்ஸ் கொண்ட ஹெடரும் போனால், உலாவி பழைய உடலோடு புதிய ஹெடரை இணைத்துவிடும். பக்கத்தை முதலில் திறந்தவருக்கு எல்லாம் சரியாக இருக்கும். திரும்ப வந்தவருக்கு ஒரு ஸ்கிரிப்டும் இயங்காது. நான்ஸ் உள்ள பக்கங்களுக்கு நோ-ஸ்டோர் என்ற கேஷ் கட்டுப்பாட்டை வைப்பது இதற்கான நேரான தீர்வு.

மூன்றாவது, வேலையை மிச்சப்படுத்தும் ஆசையில் செய்வது. வெளியே போகும் பக்கத்தில் ஸ்கிரிப்ட் டேக் எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் நான்ஸைத் தானாகச் செருகும் ஒரு வடிகட்டியைச் சிலர் சர்வரின் முகப்பில் வைக்கிறார்கள். அந்த வடிகட்டிக்கு நீங்கள் எழுதிய டேகும் தாக்குபவர் திணித்த டேகும் ஒன்றுதான். இரண்டுக்கும் முத்திரை குத்திக் கொடுத்துவிடும். நான்ஸைப் பக்கத்தின் வார்ப்புருவில், நீங்கள் எழுதும் டேகில் மட்டுமே வைக்க வேண்டும்.

சோதிக்கும்போது ஒரு வியப்பு காத்திருக்கிறது: எலிமென்ட்ஸ் பகுதியில் பார்த்தால் நான்ஸ் பண்பு காலியாகத் தெரியும். அது பிழையல்ல. சிஎஸ்எஸ் வழியாகத் திருடப்படாமலிருக்க உலாவியே மதிப்பை மறைக்கிறது. ஸ்கிரிப்டிலிருந்து படிக்க வேண்டுமென்றால் கெட்-ஆட்ரிபியூட்டைப் பயன்படுத்தாமல் அந்த உறுப்பின் நான்ஸ் பண்பை நேரடியாக அணுகுங்கள். பக்கத்தின் மூலத்தைப் பார்க்கும் வசதியில் மதிப்பு வழக்கம்போலத் தெரியும்.

படி 4: கொள்கையை எழுதுங்கள்

அடிப்படைக் கொள்கை இவ்வளவுதான்:

ஸ்கிரிப்ட்-எஸ்ஆர்சி 'நான்ஸ்-…' 'ஸ்ட்ரிக்ட்-டைனமிக்' எச்டிடிபிஎஸ்: 'அன்சேஃப்-இன்லைன்'; ஆப்ஜெக்ட்-எஸ்ஆர்சி 'நன்'; பேஸ்-யுஆர்ஐ 'நன்'

புள்ளிகள் உள்ள இடத்தில் அந்தப் பதிலுக்கான நான்ஸ் வரும். ஆப்ஜெக்ட்-எஸ்ஆர்சி பழைய செருகுநிரல் உள்ளடக்கத்தை மூடுகிறது. பேஸ்-யுஆர்ஐ இல்லையென்றால், தாக்குபவர் ஒரு பேஸ் டேகைத் திணித்து, நான்ஸ் உள்ள உங்கள் டேகே அவருடைய சர்வரிலிருந்து கோப்பை எடுக்கும்படி செய்துவிடலாம். உங்கள் டேகில் முகவரி ஒப்பீட்டு முறையில் எழுதப்பட்டிருந்தாலே போதும்.

பக்கத்துக்குள் எழுதிய நிரல் அனைத்தையும் அனுமதிக்கும் அன்சேஃப்-இன்லைன் என்ற சொல்லைப் பார்த்துப் பதறத் தேவையில்லை. நான்ஸைப் புரிந்துகொள்ளும் எந்த உலாவியும் அதே விதியில் உள்ள அன்சேஃப்-இன்லைனைப் புறக்கணிக்கும். ஸ்ட்ரிக்ட்-டைனமிக்கைப் புரிந்துகொள்ளும் உலாவி எச்டிடிபிஎஸ் என்ற திறந்த அனுமதியையும் புறக்கணிக்கும். மிகப் பழைய உலாவிகளில் தளம் உடையாமலிருக்க மட்டுமே அவை அங்கே இருக்கின்றன. குரோம் 2016லிருந்தும், ஃபயர்ஃபாக்ஸ் 2017லிருந்தும், சஃபாரி 2022இல் வந்த 15.4 பதிப்பிலிருந்தும் ஸ்ட்ரிக்ட்-டைனமிக்கை ஏற்கின்றன. பழைய ஐபோன்கள் உங்கள் வாசகர்களிடம் இல்லை என்று தெரிந்தால் அந்த இரண்டையும் நீக்கிவிடலாம்.

வெளி ஸ்கிரிப்டுகளைப் பொறுத்தவரை இந்த வழிகாட்டியின் மையமே ஸ்ட்ரிக்ட்-டைனமிக்தான். கட்டணச் சேவை ஒன்றின் ஸ்கிரிப்டை நீங்கள் ஒரு டேகால் அழைக்கிறீர்கள். அது தன் பங்குக்கு வேறு இரண்டு டொமைன்களிலிருந்து நான்கு கோப்புகளை இழுக்கிறது. அடுத்த மாதம் டொமைன்கள் மாறுகின்றன. டொமைன் பட்டியல் வைத்திருந்தால் உங்கள் கட்டணப் பக்கம் ஒரு நள்ளிரவில் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடும். ஸ்ட்ரிக்ட்-டைனமிக் இருந்தால், நான்ஸ் பெற்ற ஸ்கிரிப்ட் கிரியேட்-எலிமென்ட் வழியாகப் புதிதாக உருவாக்கிச் சேர்க்கும் ஸ்கிரிப்டுகளுக்கும் நம்பிக்கை தொடர்கிறது. டொமைன் எதுவாக இருந்தாலும் சரி. கூடவே, விதியில் எழுதியிருக்கும் டொமைன்களையும், சொந்தத் தளத்தைக் குறிக்கும் செல்ஃப் என்ற சொல்லையும் உலாவி அதன்பின் கண்டுகொள்ளாது. ஆகவே உங்கள் சொந்தக் கோப்புகளின் டேகுகளிலும் நான்ஸ் இருந்தாக வேண்டும். புதிதாக மாறுபவர்கள் சொந்த ஸ்கிரிப்டே ஓடவில்லையே என்று திகைப்பது இதனால்தான்.

டாக்குமென்ட் டாட் ரைட் மூலம் எழுதப்படும் ஸ்கிரிப்ட் டேகுகளுக்கு இந்த நம்பிக்கை தொடராது. பழைய விளம்பர ஸ்கிரிப்டுகள் சில இன்னும் அந்த முறையையே பிடித்துக்கொண்டிருக்கின்றன. அவற்றுக்காகக் கொள்கையைத் தளர்த்துவதைவிட, அந்தச் சேவை புதிய முறையிலான டேகைத் தருகிறதா என்று அவர்களிடமே கேளுங்கள்.

கூகுள் டேக் மேனேஜரைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். நான்ஸை எடுத்துத் தான் உருவாக்கும் ஸ்கிரிப்டுக்குக் கொடுக்கும் வகையில் எழுதிய துண்டு நிரலை கூகுளின் ஆவணங்களே தருகின்றன. வழக்கமான துண்டுக்குப் பதிலாக அதைப் பயன்படுத்துங்கள். டேக் மேனேஜருக்குள் தனிப்பயன் ஜாவாஸ்கிரிப்ட் மாறிகள் வைத்திருந்தால் அவற்றுக்கு அன்சேஃப்-எவால் தேவைப்படும். இல்லையென்றால் அவற்றின் மதிப்பு வரையறுக்கப்படாததாகவே திரும்பும். என் கருத்தில் அந்த மாறிகளைக் கைவிடுவதே சரி. அதைவிட முக்கியமான ஒன்று: டேக் மேனேஜரை நம்புவது என்பது, அதன் கணக்கில் நுழையும் உரிமையுள்ள ஒவ்வொருவரையும் நம்புவது. அங்கே ஒருவர் சேர்க்கும் எந்த ஸ்கிரிப்டும் உங்கள் கொள்கையைத் தாண்டி ஓடும். விற்பனைப் பிரிவில் யாரிடமெல்லாம் அந்தக் கடவுச்சொல் இருக்கிறது என்று பார்ப்பதும் இந்த வேலையில் சேர்ந்ததே.

நான்ஸ் வைக்க முடியாத நிலையான தளங்களுக்கு

முன்கூட்டியே தயாரித்து வைத்த எச்டிஎம்எல் கோப்புகளை மட்டும் வழங்கும் தளத்தில் ஒவ்வொரு பதிலுக்கும் புதிய நான்ஸ் உருவாக்க ஆளில்லை. அங்கே ஹாஷ் முறை, அதாவது நிரலின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் கைரேகை போன்ற ஒரு சரம், உதவும். பக்கத்துக்குள் ஒரு சிறிய ஏற்றி நிரலை எழுதி, அதன் எஸ்எச்ஏ-256 ஹாஷை ஸ்கிரிப்ட்-எஸ்ஆர்சியில் வைத்து, ஸ்ட்ரிக்ட்-டைனமிக்கைச் சேருங்கள். வெளி ஸ்கிரிப்டுகளை அந்த ஏற்றியே வரிசையாக உருவாக்கிச் சேர்க்கும்.

ஹாஷ் என்பது திறக்கும் டேகுக்கும் மூடும் டேகுக்கும் இடையிலுள்ள ஒவ்வோர் எழுத்துக்கும் உரியது. ஒரு வெற்றிடம் கூடினாலும் பொருந்தாது. ஆகவே எச்டிஎம்எல்லைச் சுருக்கும் கருவி தன் வேலையை முடித்த பிறகே ஹாஷைக் கணக்கிட வேண்டும். தடுக்கப்பட்ட நிரலுக்குத் தேவையான ஹாஷை குரோம் கன்சோலிலேயே காட்டும். அதை ஒட்டுவதற்கு முன், அது நீங்கள் எழுதிய நிரல்தானா என்று பாருங்கள்.

ஹெடரையே அனுப்ப முடியாத இடத்தில் கொள்கையை ஒரு மெட்டா டேகில் எழுதலாம். அதற்குப் பின்னால் வருபவற்றுக்கே அது செல்லும் என்பதால் ஹெட் பகுதியின் தொடக்கத்திலேயே வையுங்கள். ஃப்ரேம்-ஆன்செஸ்டர்ஸும் ரிப்போர்ட்-யுஆர்ஐயும் மெட்டாவில் வேலை செய்யா.

படி 5: ஸ்கிரிப்ட் ஏறிய பிறகு அதற்கு என்னென்ன தேவை

ஸ்கிரிப்ட் ஏறிவிட்டது, கன்சோலில் அதைப் பற்றிய புகார் இல்லை, ஆனாலும் சேவை இயங்கவில்லை. இந்த நிலைக்குக் காரணம் அநேகமாக மற்ற விதிகள். ஸ்ட்ரிக்ட்-டைனமிக் ஸ்கிரிப்டுகளுக்கு மட்டுமே உதவும். கனெக்ட், ஃப்ரேம், ஐஎம்ஜி விதிகளில் டொமைன்களை எழுதத்தான் வேண்டும். அங்கே டொமைன் பட்டியல் தவறல்ல, ஏனென்றால் அவற்றின் வழியாக நிரல் நம் பக்கத்துக்குள் நுழைவதில்லை.

கூகுள் அனலிட்டிக்ஸ் 4க்கு, கூகுள்-அனலிட்டிக்ஸ் டாட் காம், அனலிட்டிக்ஸ் டாட் கூகுள் டாட் காம், கூகுள்டேக்மேனேஜர் டாட் காம் ஆகியவற்றின் துணை டொமைன்களை கனெக்ட்-எஸ்ஆர்சியில் சேர்க்க வேண்டும். நட்சத்திரக் குறியிட்டு எழுதினால் துணை டொமைன்கள் மட்டுமே பொருந்தும், தலைமை டொமைன் பொருந்தாது என்பதைக் கவனியுங்கள். ரீகேப்ட்சா தன் பெட்டியைச் சட்டகமாகத் திறப்பதால் ஃப்ரேம்-எஸ்ஆர்சியில் கூகுளின் ரீகேப்ட்சா பாதைகள் தேவை. யூடியூப் காணொளிக்கும் அப்படியே. மேப்பாக்ஸ் போன்ற வரைபட நூலகங்கள் பின்னணி வேலையாள் நிரலை, உலாவியின் நினைவகத்திலேயே உருவாகும் பிளாப் முகவரியிலிருந்து தொடங்குவதால், அவற்றுக்கு ஒர்க்கர்-எஸ்ஆர்சியில் பிளாப் தேவை. அதை ஸ்கிரிப்ட்-எஸ்ஆர்சியில் ஒருபோதும் எழுதிவிடாதீர்கள்.

பணம் செலுத்தும் பக்கத்துக்குத் தனிக் கொள்கை வைப்பது நல்லது. வலைப்பதிவுப் பக்கத்துக்குத் தேவையான காணொளிச் சட்டகமும் விளம்பர முகவரிகளும் அட்டை எண் தட்டச்சு செய்யும் பக்கத்துக்குத் தேவையில்லை. பிரிட்டிஷ் ஏர்வேஸ் நிகழ்வு காட்டியது போல, அங்கே கனெக்ட்-எஸ்ஆர்சியும் ஃபார்ம்-ஆக்ஷனும் ஐஎம்ஜி-எஸ்ஆர்சியும் ஸ்கிரிப்ட் விதிக்குச் சமமான முக்கியத்துவம் உடையவை.

படி 6: மாறாத கோப்புகளுக்கு முழுமைச் சோதனை

நான்ஸ் ஒரு டேகை நம்பச் சொல்கிறது; அந்த முகவரியில் இன்று என்ன கோப்பு இருக்கிறது என்று பார்ப்பதில்லை. 2018 பிப்ரவரியில் பிரவுஸ்அலவுட் என்ற, பக்கத்தை வாசித்துக் காட்டும் ஸ்கிரிப்டின் மூலக் கோப்பிலேயே யாரோ கிரிப்டோ நாணயம் தோண்டும் நிரலைச் சேர்த்தபோது, அதை ஏற்றிய நான்காயிரத்துக்கும் மேற்பட்ட தளங்களில் அது ஓடியது. அவற்றில் அரசுத் தளங்களும் இருந்தன. இதைத் தடுப்பது இன்டெக்ரிட்டி பண்பு: கோப்பின் எஸ்எச்ஏ-384 ஹாஷை ஸ்கிரிப்ட் டேகில் எழுதி, கூடவே கிராஸ்ஆரிஜின் பண்பை அனானிமஸ் என்று வைத்தால், வந்த கோப்பு ஓர் எழுத்து மாறியிருந்தாலும் உலாவி அதை இயக்காது.

பதிப்பு எண் முகவரியிலேயே உள்ள கோப்புகளுக்கு இது தயக்கமின்றி ஏற்றது. அறிவிப்பில்லாமல் புதுப்பிக்கப்படும் கட்டணச் சேவை ஸ்கிரிப்டுக்கோ அனலிட்டிக்ஸுக்கோ வைத்தால், அடுத்த புதுப்பிப்பில் அது நின்றுவிடும். பாலிஃபில் சேவை ஒவ்வோர் உலாவிக்கும் வேறு வேறு கோப்பை அனுப்பியதால் அங்கும் இந்தப் பூட்டைப் போட முடிந்திருக்காது.

படி 7: தடுக்காமல் கவனியுங்கள்

கொள்கையை நேரடியாக அமலாக்காதீர்கள். அதே ஹெடரின் பெயரோடு ரிப்போர்ட்-ஒன்லி என்பதைச் சேர்த்து அனுப்பினால், உலாவி எதையும் தடுக்காமல், எவற்றைத் தடுத்திருக்கும் என்று மட்டும் நீங்கள் குறிப்பிடும் முகவரிக்கு அறிக்கை அனுப்பும். ரிப்போர்ட்-டு புதிய முறை, ரிப்போர்ட்-யுஆர்ஐ பழைய முறை. இரண்டையும் எழுதிவையுங்கள், புதியதை அறிந்த உலாவி பழையதை விட்டுவிடும். ஸ்கிரிப்ட்-எஸ்ஆர்சியில் ரிப்போர்ட்-சாம்பிள் என்ற சொல்லைச் சேர்த்தால், தடுக்கப்பட்ட உள்நிரலின் முதல் 40 எழுத்துகளும் அறிக்கையில் வரும். எந்த வார்ப்புருவின் எந்தத் துண்டு விடுபட்டது என்று கண்டுபிடிக்க அது பேருதவி.

அறிக்கைகள் குவியும்போது மிரள வேண்டாம். அவற்றில் கணிசமான பகுதி பயனர்களின் உலாவி நீட்சிகள் பக்கத்தில் செருகும் ஸ்கிரிப்டுகளைப் பற்றியதாக இருக்கும். மூலக் கோப்பின் முகவரி நீட்சிக்குரியதாக இருந்தால் ஒதுக்கிவிடுங்கள். ஒரே ஒரு பயனரிடமிருந்து மட்டும் வருவதையும் பின்னுக்குத் தள்ளலாம். பல உலாவிகளிலிருந்து ஒரே பக்கத்துக்காக ஒரே வரி எண்ணோடு வருபவைதான் உங்கள் வேலை. மாதக் கடைசியில் மட்டும் திறக்கும் அறிக்கைப் பக்கம், கட்டணம் தோல்வியடைந்தால் மட்டும் வரும் பக்கம் போன்றவையும் ஒரு சுற்று வரும்வரை காத்திருங்கள்.

படி 8: அமலாக்கம், அதன்பின் வரும் புகார்கள்

ரிப்போர்ட்-ஒன்லியை நீக்கி உண்மையான ஹெடருக்கு மாறும்போது, என்ஜின்எக்ஸ் பயன்படுத்துவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரு லொகேஷன் பகுதிக்குள் ஆட்_ஹெடர் என்ற கட்டளை ஒன்றேனும் இருந்தால், மேல்நிலையில் எழுதிய ஆட்_ஹெடர் வரிகள் எவையும் இயல்பாக அங்கே செல்லா. யாரோ ஒருவர் ஒரு பகுதிக்குள் கேஷ் ஹெடர் ஒன்றைச் சேர்க்க, அந்தப் பகுதிப் பக்கங்களிலிருந்து சிஎஸ்பி சத்தமில்லாமல் காணாமல் போயிருக்கும். பிழைப் பக்கங்களிலும் கொள்கை செல்ல வேண்டுமென்றால் வரியின் இறுதியில் ஆல்வேஸ் என்று சேர்க்க வேண்டும். அமலாக்கிய பின் கர்ல் என்ற கட்டளைவரிக் கருவி மூலம் முகப்பு, உள்பக்கம், 404 பக்கம் ஆகியவற்றின் ஹெடர்களை எடுத்துப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் கொள்கை சரியாக ஒரு முறை வர வேண்டும், நான்ஸ் ஒவ்வொரு முறையும் மாற வேண்டும்.

ஸ்கிரிப்ட் ஓடவில்லை என்று புகார் வந்தால் அது சிஎஸ்பியால்தானா என்று முதலில் உறுதி செய்யுங்கள். கன்சோல் வரியில் மீறப்பட்ட விதியின் பெயர் இருந்தால் அது சிஎஸ்பி. கிளையன்ட் தடுத்தது என்ற பொருளில் வரும் வரி விளம்பரத் தடுப்பானின் வேலை. ஆரிஜின் பற்றிப் பேசினால், வேறு தளத்திலிருந்து கோப்பைப் படிப்பதைக் கட்டுப்படுத்தும் கோர்ஸ் விதி. இன்டெக்ரிட்டி பண்பைச் சேர்த்துவிட்டு கிராஸ்ஆரிஜினை மறந்தால் இது வரும். மைம் வகை, அதாவது கோப்பின் வகைக் குறிப்பு, பற்றிப் பேசினால், ஸ்கிரிப்ட் இருக்க வேண்டிய முகவரியில் அநேகமாக ஓர் எச்டிஎம்எல் பிழைப் பக்கம் இருக்கிறது. இவை எதற்கும் கொள்கையைத் தொடத் தேவையில்லை.

பின்னாளில் புதிய வெளிச் சேவை ஒன்று கேட்கப்பட்டால், இப்போது அமலில் உள்ள கொள்கையை மாற்றாமல், மாற்றிய வடிவத்தை ரிப்போர்ட்-ஒன்லியாக அதனருகிலேயே அனுப்புங்கள். இரண்டு ஹெடர்களும் ஒன்றையொன்று பாதிக்காமல் ஒரே பதிலில் செல்லலாம். ஆனால் தளர்த்தும் மாற்றத்தை இப்படி முழுதாகச் சோதிக்க இயலாது, அமலில் உள்ள கொள்கை அந்தச் சேவையை அதற்கு முன்பே தடுத்துவிடும். அதற்குச் சோதனைச் சர்வரில் மாற்றிய கொள்கையை அமலாக்கி, சேவையின் ஒவ்வொரு செயலையும், முக்கியமாகத் தோல்வியடையும் பரிவர்த்தனையையும், ஒரு முறை ஓட்டிப் பார்த்துவிட்டு, கன்சோலில் மீறப்பட்டதாகக் காட்டப்படும் விதியை மட்டும், காட்டப்படும் முகவரிக்கு மட்டும் திறந்துவிடுங்கள்.